எஸ்.பி.எல்.லா, ஹவுஸ் கேப்டனா, என்.சி.சி.யா? படிவம் நிரப்பும் முன் ஓர் ஒப்பீடு

ஜூனில் பள்ளி திறந்து, புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் பெரும்பாலான தனியார் பள்ளிகளில் ஒரு சுற்றறிக்கை வகுப்புக்கு வந்துவிடும். மாணவர் தலைவர் (எஸ்.பி.எல்.), துணைத் தலைவர், ஹவுஸ் கேப்டன், விளையாட்டுச் செயலர், கலைக்குழுச் செயலர், ஒழுங்குக் குழு என்று பதவிகள் வரிசையாக இருக்கும். விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். படிவத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எஸ்.பி.எல். என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது கட்டத்தைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து நிரப்புவார்கள்.

அந்தப் படிவங்களை வாங்கி அடுக்கும் வேலை பல வருடமாக என்னுடையது. தனியார் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். போட்டிகளுக்காகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் அணிகளில், அதாவது ஹவுஸ்களில், ஒன்றின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் கேட் பக்கம் நின்று பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், எதுக்குப் பேர் கொடுத்தா நல்லது?" நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற பதில் அது இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் 1 வந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு மாறும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

எந்தப் பதவியானாலும் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை காய்ச்சல் வந்து ஒரு வாரம் லீவு போட்டால், பள்ளியில் எந்த வேலை நிற்கும்? ஒன்றுமே நிற்காது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏதோ ஒன்று நிற்கும், நாலு பேர் வீட்டுக்கு போன் போட்டு "எப்போ வருவே?" என்று கேட்பார்கள் என்றால், அந்த வேலையில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

சீட்டுக்கு உதவுமா?

இதை முதலில் பேசிவிடுவோம். பெற்றோர் மனதில் இருப்பது இதுதான், வெளியே கேட்கக் கூச்சப்படுவார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. சட்டையில் குத்திய பேட்ஜுக்கு அதில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், அங்கேயும் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பள்ளிக்கு வெளியே, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடி வாங்கிய சான்றிதழைத்தான் அதில் பார்க்கிறார்கள். 'ஸ்போர்ட்ஸ் கேப்டன்' என்று பள்ளி கொடுத்த பட்டத்தை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கலந்தாய்வு நேரத்தில் பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைகிற குடும்பங்களை ஏறக்குறைய எல்லா வருடமும் பார்க்கிறேன்.

மதிப்பு உள்ள இடங்களும் உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையில் சிறப்புப் பிரிவு என்று ஒன்று முதலில் நடக்கும்; அதில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இடம் இருக்கிறது. ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதி, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளை அங்கே ஒரு சுயவிவரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். என்.சி.சி.யில் இருந்தாயா, எந்த விளையாட்டு ஆடினாய், என்ன பொறுப்பு வகித்தாய் என்று அதில் கேட்பார்கள். பிறகு நேர்முகத்தில் அதைப் பிடித்துத் துருவுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் 'காமன் ஆப்' படிவத்தில் பத்து செயல்பாடுகள் வரை எழுதலாம். பதவியின் பெயருக்கு 50 எழுத்து இடம், என்ன செய்தாய் என்பதற்கு 150 எழுத்து இடம். பதவிப் பெயர் எல்லா நாட்டிலிருந்தும் வரும். அந்த 150-இல் எழுத ஏதாவது இருக்க வேண்டும், அங்கேதான் நம் பிள்ளைகள் பேனாவைக் கடிக்கிறார்கள்.

ஆக, நீட்டோ பொறியியலோதான் என்று முடிவாகிவிட்ட வீட்டில் 'சீட்டுக்காக' எந்தப் பதவிக்கும் போக வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் போகலாம். என் கணக்கில் வேறு காரணங்கள் நிறையவே இருக்கின்றன.

எஸ்.பி.எல்.

எல்லோரும் ஆசைப்படுவது. சில பள்ளிகளில் ஹெட் பாய், ஹெட் கேர்ள் என்பார்கள். ஜூலை வாக்கில் பதவியேற்பு விழா. போலீஸ் இன்ஸ்பெக்டரோ டாக்டரோ சிறப்பு விருந்தினர், தோளில் சாஷ், அம்மா அப்பா மேடை ஏறிப் பேட்ஜ் குத்துவார்கள், கையை நீட்டி உறுதிமொழி. அன்று எடுத்த போட்டோ ஹாலில் மாட்டப்படும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை மைக் முன்னால் நின்று உறுதிமொழி சொல்வதைப் பார்க்கிற பாட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மறுநாளிலிருந்து என்ன வேலை என்று பாருங்கள். திங்கட்கிழமை அசெம்பிளியில் "ஸ்கூல், அட்டென்ஷன்" என்று கூவ வேண்டும். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம், ஆண்டு விழா என்று விருந்தினர் வரும்போதெல்லாம் வாசலில் பூங்கொத்தோடு நிற்க வேண்டும். வரவேற்புரை அல்லது நன்றியுரை; பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்வது. இந்த வேலையில் பிள்ளை எதையாவது முடிவு செய்கிறதா? ஒரு வாரம் வராவிட்டால் துணைத் தலைவர் அதே தாளை வாசிப்பார். அசெம்பிளி ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகாது.

மேடைப் பயம் போகும், பெரியவர்களோடு கூச்சமில்லாமல் பேச வரும். இவை மெய்யான லாபம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிள்ளையே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் 1 வகுப்புகளின் பி.டி. பீரியடை எல்லாம் வேதியியலுக்கும் கணக்குக்கும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், வழக்கமான கதைதான். மற்ற எஸ்.பி.எல்.கள் "சொல்லியிருக்கேன், பார்க்கிறேன்னாங்க" என்று முடித்துவிடும் இடத்தில், இவள் கால அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து, எந்தத் தேதியில் எந்தப் பாடத்துக்குப் போனது என்று சிவப்பு மையில் குறித்து, துணை முதல்வர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். "எல்லாத்தையும் கேட்கலை மேம், வெள்ளிக்கிழமை ஒண்ணு மட்டும் விட்டுடுங்க" என்றாள். அரையாண்டுத் தேர்வு வரை அந்த வெள்ளிக்கிழமை பீரியடை யாரும் தொடவில்லை. பதவியேற்பு உறுதிமொழியில் இதெல்லாம் இல்லை. செய்யாவிட்டாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் நிஜமாகவே தேர்தல்: பிரசாரம், சின்னம், விரலில் மை, லேப்டாப்பில் ஓட்டு. சிலவற்றில் நேர்காணல். சிலவற்றில் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்குத் தானாகப் போய்விடும், தேர்தல் வெறும் சடங்கு. மூன்றாவது வகைப் பள்ளியில் 430 வாங்கிய பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, தோற்றதும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று: இருபாலர் பள்ளிகள் பலவற்றில் எஸ்.பி.எல். பையன், துணைத் தலைவர் பெண் என்பது எழுதாத சட்டம் மாதிரி இருக்கிறது. எங்கும் எழுதவில்லை என்பதால் கேட்க முடியும். உங்கள் பெண் தலைவர் பதவிக்கே பெயர் கொடுக்க விரும்பினால் அதற்கே கொடுக்கட்டும். "நீ அசிஸ்டென்ட்டுக்குக் கொடும்மா" என்று எந்த ஆசிரியர் சொன்னாலும், ஏன் என்று தன்மையாகக் கேளுங்கள்.

ஹவுஸ் கேப்டன்

நான் ஹவுஸ் ஆசிரியை என்பதால் பாரபட்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். என்னைக் கேட்டால் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வேலை இதுதான்.

இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் ஹவுஸ் என்றால் பிள்ளைகள் தங்கிப் படுத்து எழுந்த கட்டடம். அங்கே கேப்டனுக்கு ராத்திரி விளக்கணைப்பதிலிருந்து வேலை இருந்தது. நம் ஊர் பகல் பள்ளிகளுக்கு வந்தபோது கட்டடம் போய் டி-ஷர்ட்டின் நிறம் மட்டும் மிஞ்சியது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். அல்லது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். அல்லது சேர, சோழ, பாண்டிய, பல்லவர். அதனால் ஜூன், ஜூலையில் ஹவுஸ் கேப்டனுக்கு வேலையே இருக்காது. கொடி பிடித்து நிற்பதோடு சரி. இதுதானா என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்.

விளையாட்டு விழா அறிவித்ததும் எல்லாம் மாறிவிடும். ஹவுஸுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை நூறு இருநூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஒவ்வொரு போட்டிக்கும் இத்தனை பேர் என்று என்ட்ரி ஷீட்டை நிரப்பியாக வேண்டும். 100 மீட்டருக்கு அடிதடி. 4x100 ரிலேவுக்கு எட்டு பேர் வருவார்கள், நாலு பேரை எடுத்து நாலு பேரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவன் கேப்டனின் பஸ் தோழனாக இருப்பான். 1500 மீட்டருக்கு ஆளே வராது. மதிய வெயிலில் யார் ஓடுவது? அப்போது கேப்டன் சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு வகுப்பாகப் போய்க் கெஞ்ச வேண்டும். எங்கள் ஹவுஸில் ஒரு பையன், தினமும் நாலு கிலோமீட்டர் சைக்கிளில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைத் தேடிப் பிடித்தான். "நீ ஜெயிக்க வேணாம், முடிச்சிட்டு வா, அது போதும்" என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டான். அந்தப் பிள்ளை மூன்றாவதாக வந்தது. ஒரு புள்ளி. யாரிடம் எதைக் கேட்கலாம் என்று பார்த்துக் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணை வகுப்பில் பாடம் நடத்திக் கொடுக்க முடியாது.

அப்புறம் அணிவகுப்பு ஒத்திகை. வெயிலில் ஆறாம் வகுப்புப் பொடிசுகளை வரிசையில் நிறுத்த வேண்டும், ஒருத்திக்குத் தலை சுற்றினால் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைக்க வேண்டும், அதே நேரம் கை வீச்சும் பார்க்க வேண்டும். டி-ஷர்ட் பணம் வசூலிக்கும் வேலையைச் சில பள்ளிகளில் கேப்டன் தலையில் கட்டுவார்கள். அதை மட்டும் ஏற்க வேண்டாம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதில் பத்து ரூபாய் குறைந்தாலும் பிள்ளை கையிலிருந்து போட வேண்டியிருக்கும். ஹவுஸ் ஆசிரியர் பெயரில் ரசீது போடச் சொல்லிவிடுங்கள்.

கேப்டன் லீவு போட்டால் எது நிற்கும்? விழாவுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எல்லாமே நிற்கும். குறையும் அதுதான்: வேலை முழுவதும் அந்தச் சில வாரங்களில் குவியும், அப்போது நடக்கும் இடைத்தேர்வில் மதிப்பெண் குறையத்தான் செய்யும். தெரிந்து போக வேண்டும். விளையாடத் தெரியாத பிள்ளை ஹவுஸ் கேப்டன் ஆகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. நன்றாக ஓடுகிற பிள்ளைக்குத் தன் போட்டிகளே வேலை. என்ட்ரி ஷீட்டைக் கவனிக்க நேரம் இருக்காது.

வகுப்புத் தலைவர்

யாரும் ஆசைப்படாத, யாரும் பேட்ஜ் குத்தாத பதவி. ஆனால் மெட்ராஸுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர், வாத்தியாருக்கு அடுத்தபடி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கண்காணிப்பார். 1789-இல் எழும்பூர் ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், இந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் காப்பகத்திலும் மணலைப் பரப்பி, மூத்த பையன்களை வைத்தே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு சிறுநூல் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

அந்தச் சட்டாம்பிள்ளை பாடம் சொல்லிக் கொடுத்தார். இன்றைய வகுப்புத் தலைவரைப் பல ஆசிரியர்கள் போர்டில் பேசுகிறவர்கள் பெயர் எழுத மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் வெளியே போனதும் சாக்பீஸோடு நிற்க வேண்டும். நண்பன் பெயரை எழுதினால் காட்டிக்கொடுப்பவன், எழுதாவிட்டால் ஆசிரியரிடம் திட்டு. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, நண்பர்களை இழக்கலாம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலேயே இது வேண்டாம் என்பேன்.

ஆனால் பிளஸ் 1 அறிவியல் பிரிவில் இதே பதவி வேறு மாதிரி ஆகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ரெக்கார்டு நோட்டுகளை வாங்கி, லேப் பேட்ச் வாரியாக அடுக்கி, கையெழுத்துக்குக் கொண்டுபோய், திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பாடத்துக்கு ஒரே நாளில் டெஸ்ட் வைத்தால் ஆசிரியர்களிடம் பேசி ஒன்றைத் தள்ளி வைக்க வேண்டும். லீவு போட்டவர்களுக்கு நோட்ஸ் போய்ச் சேர வேண்டும். இவர் ஒரு வாரம் வராவிட்டால் லேப் உதவியாளரே வகுப்பு வாசலில் வந்து நிற்பார். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் வேலை, படிப்பைக் கெடுக்காது, மேடை கிடையாது. அமைதியான, ஒழுங்கான பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன். பெயர் எழுதும் வேலை இருக்குமா என்று மட்டும் வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீருடை உள்ளவை

என்.சி.சி.க்குப் பிளஸ் 1-இல் யோசித்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். பள்ளிப் பிரிவில் எட்டு, ஒன்பதாம் வகுப்பில்தான் ஆள் எடுப்பார்கள். இரண்டு வருடப் பயிற்சி, பத்து நாள் அளவுக்கு ஒரு முகாம், வருகைப்பதிவு, அதன் பிறகு தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ். 'பி', 'சி' சான்றிதழ்கள் கல்லூரியில். 'சி' வாங்கிய பட்டதாரிகளுக்கு ராணுவத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு நுழைவு இருக்கிறது. அதனால் சீருடைப் பணியில் ஆசை உள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை, இதில் சேர்ந்துவிடலாம். "சாவ்தான், விஷ்ராம்" என்று இந்தியில் கட்டளை வரும். ஒரு மாதத்தில் பழகிவிடும். பரேடு முடிந்ததும் கொடுக்கும் டிபனுக்காகவே சேர்ந்து, சார்ஜென்ட் ஆனவர்கள் உண்டு. லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று படிப்படியாக உயரும் ஏணி இது, யாரும் ஓட்டுப் போட்டு ஏற்றிவிட முடியாது. அதுவே எனக்குப் பிடித்த விஷயம். கஷ்டம் என்னவென்றால் எல்லாத் தனியார் பள்ளியிலும் என்.சி.சி. கிடையாது, இருந்தாலும் இடம் குறைவு.

சாரணர் இயக்கமும் சின்ன வயதிலேயே தொடங்கிப் படிப்படியாகப் போவது. ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் விருது. ரயில்வே வேலைவாய்ப்பில் சாரணர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பது பலருக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்ட பிள்ளை, பிளஸ் 1-இல் புதிதாக ஒரு பேட்ஜைத் தேடுவதைவிட விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று பார்ப்பது நல்லது.

பிளஸ் 1-இல் புதிதாகச் சேரக்கூடியது என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம். மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிறகு வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம்தான் இதன் உயிர். பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தங்கி, பாய் விரித்துப் படுத்து, குளக்கரையில் முள்ளை வெட்டி, மரக்கன்று நட்டு, சாயங்காலம் ஊர்க்காரர்கள் முன்னால் நாடகம் போட்டு வருவார்கள். முகாமில் குழுத் தலைவராகும் பிள்ளைக்கு முப்பது பேருக்கு மூன்று வேளை சாப்பாடு நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதே பெரிய படிப்பு. ஒருநாள் காலை உப்புமாவுக்கு ரவை போதவில்லை என்றால் கடை எங்கே, யார் வண்டி எடுத்துப் போவது, பணம் யாரிடம் என்று ஆறு மணிக்கே முடிவெடுக்க வேண்டும். ஏசி பஸ்ஸில் பள்ளிக்கு வந்து போகிற பிள்ளைகளுக்கு நான் குறிப்பாக இதைச் சொல்வேன். ஆனால் உங்கள் பள்ளியில் முகாம் உண்மையில் நடக்கிறதா, இல்லை பேனர் பிடித்து போட்டோ எடுத்து முடித்துக்கொள்கிறார்களா என்பதைப் போன வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

மற்றவை

ஒழுங்குக் குழு எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. நகம், முடி, ஷூ பாலிஷ், தாமதம் என்று சக மாணவரைப் பிடித்து நிறுத்துகிற வேலை. அதிகாரத்தைச் சுவைத்துப் பார்க்க மட்டும்தான் அதில் இடம் இருக்கிறது, யாரையாவது மாற்றுகிற வழி எதுவும் இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் காலையில் சைக்கிள் ஸ்டாண்டு, பஸ் ஏற்றும் வரிசை போன்ற இடத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு உதவலாம்.

இன்டராக்ட் கிளப் ரோட்டரி சங்கத்தின் பள்ளிப் பிரிவு, 12 முதல் 18 வயதினருக்கு. 1962-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் தொடங்கியது. உங்கள் ஊர் ரோட்டரி சங்கம் சுறுசுறுப்பாக இருந்தால் இது நன்றாக நடக்கும், இல்லாவிட்டால் பதவியேற்போடு படுத்துவிடும். இதில் தலைவரைவிடப் பொருளாளர் பதவி மேல். வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு ரசீதும் வவுச்சரும் கையால் எழுதிப் பார்க்கிற வாய்ப்பு பாடப்புத்தகத்தில் வராது.

தமிழ் மன்றம், ஆண்டு மலர்க் குழு ஆகியவற்றுக்குக் கூட்டமே வராது, நேரே போய்க் கேட்டால் கிடைக்கும். கட்டுரை தராதவர்களைத் துரத்தி வாங்குவது, பிழை திருத்துவது, அச்சகத்துக்கு நேரத்தில் அனுப்புவது எல்லாம் இதில் வரும். எழுத வரும் பிள்ளை எஸ்.பி.எல். தேர்தலில் தோற்பதற்கு முன்பே இங்கே வந்துவிடலாம். மாதிரி ஐ.நா. மாநாடுகள் பதவி அல்ல. ஒரு வார இறுதி, கட்டணம், கோட்டு சூட்டு. பேச்சுப் பயிற்சிக்குப் போகலாம், பொறுப்பு என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

பிளஸ் 1-ஆ, பிளஸ் 2-ஆ?

முடிந்தவரை பிளஸ் 1. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2017-18-இல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் அந்த வருடம் முன்பு போல இறுக்கமாக இல்லை. இல்லை என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் பல தனியார் பள்ளிகள் பொதுத்தேர்வு இல்லை என்றதுமே பிளஸ் 2 பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் பழக்கத்துக்குத் திரும்பிவிடும் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பள்ளி அந்த ரகமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் 2-இல் தீபாவளிக்குப் பிறகு எந்தப் பொறுப்பையும் பிள்ளையால் ஒழுங்காகச் செய்ய முடியாது. திருப்புதல் தேர்வுகள், செய்முறை, நீட் கோச்சிங் என்று ஓடும். பிளஸ் 2 பிள்ளைகளுக்கு மட்டும்தான் எஸ்.பி.எல். என்று வைத்திருக்கும் பள்ளியில், பிளஸ் 1-இல் ஹவுஸ் துணைக் கேப்டனாக இருந்துவிட்டு, அடுத்த வருடம் ஒன்றும் எடுக்காமல் படிப்பது நல்ல வழி.

அதனால்தான் படிவத்தின் இரண்டாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நேர்காணலில் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். முதல் கட்டத்தில் எஸ்.பி.எல்., இரண்டாவதில் ஒழுங்குக் குழு என்று எழுதியிருந்தால் பதவி வேண்டும் என்று மட்டும் தெரிகிறது. ஹவுஸ் துணைக் கேப்டன், ஆண்டு மலர், என்.எஸ்.எஸ். என்று ஏதாவது எழுதி, ஏன் என்று கேட்டால் இரண்டு வரி சொல்ல முடிந்தால் போதும். அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஓர் இடம் கிடைத்துவிடும். பெற்றோர் முதல்வருக்கு போன் செய்து சிபாரிசு பேசினால் மட்டும் எங்கள் வேலை இரட்டிப்பாகும், பிள்ளைக்கும் அது வகுப்பில் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போன வருட ஹவுஸ் கேப்டன் ஒருவரையோ என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போய் வந்தவரையோ பிள்ளையே போய்ப் பார்த்து, "என்ன வேலைண்ணா இருந்துச்சு?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.